பந்தைத் தேடாதீர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கால்பந்து உலகக் கோப்பை வந்தால் முச்சந்திக்கு முச்சந்தி மெஸ்ஸியும் நெய்மாரும் ஃபிளக்ஸில் நிற்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஓவிய ஆசிரியராக இருந்துகொண்டு, பால் ஃபைஃபர் என்ற அமெரிக்கக் கலைஞரின் படைப்புகளைப் புரொஜெக்டரில் காட்டினால் முதலில் என்ன கேள்வி வரும்? "சார், இது எந்த மேட்ச்?"

அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது. 1966இல் ஹொனலூலுவில் பிறந்த ஃபைஃபர், விளையாட்டுப் படங்களையும் ஒளிபரப்புக் காட்சிகளையும் எடுத்துக் கணினியில் அழித்துத் திருத்துகிறவர். 2000இல் தொடங்கிய அவருடைய புகைப்படத் தொடரில் கூடைப்பந்து வீரர் ஒருவர் நிறைந்த அரங்கின் நடுவே தனியாக நிற்பார். பந்து இருக்காது, எதிராளி இருக்கமாட்டார், சட்டையில் எண்கூட இருக்காது. ஆள் யார், ஆண்டு எது என்று துப்பறியப் புறப்பட்டால் அவர் சிரமப்பட்டு அழித்ததை நாம் சிரமப்பட்டு வரைந்துகொண்டிருப்போம். இது பிரார்த்தனையா, பயமா என்று ஒரு சந்தேகம் வருகிறதே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

அவசரமாக விளக்குவது இன்னொரு தவறு. அதை நானே செய்தேன். 1999ஆம் ஆண்டுக் காணொளி ஒன்றில் கூடைப்பந்து வீரர் லாரி ஜான்சன் வெற்றிக் களிப்பில் கத்துகிறார். அந்தச் சில நொடிகள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் போட்ட உடனே "வெற்றிக்குள் வேதனை" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு வாயை மூடிக்கொண்டேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சலித்தார்கள். அதற்கும் பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "சார், அந்த ஆளை யாராவது வெளியே விடக் கூடாதா?" அந்தப் படைப்பின் தலைப்பில் சிலுவையேற்றம் இருப்பதை அப்போதுதான் சொன்னேன். முன்பே சொல்லியிருந்தால் அவளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது.

"அழித்தது சுத்தமாக வரவில்லையே" என்று கணினி தெரிந்தவர்கள் குறை சொல்வார்கள். ஃபைஃபரின் 'தி லாங் கவுண்ட்' காணொளி வரிசையைப் பாருங்கள். முகமது அலி 1964இல் லிஸ்டனுடனும், 1974இல் ஃபோர்மேனுடனும், 1975இல் ஃபிரேசியருடனும் மோதிய மூன்று குத்துச்சண்டைகள். மூன்றிலும் வீரர்களை நீக்கியிருக்கிறார். ஆனால் உடல்கள் இருந்த இடத்தில் காற்று நெளிகிறது, கானல் நீர் போல. யாரும் சாயாமலே கயிறு பின்னால் வளைகிறது. கூட்டமோ இல்லாத அடியை இமைக்காமல் பார்க்கிறது. அந்தக் கறைதான் படைப்பின் உயிர். அதையும் துடைத்திருந்தால் வெறும் மேடைதான் மிஞ்சியிருக்கும்.

"வாழ்க்கை ஒரு விளையாட்டு" என்று விடைத்தாளில் எழுதுகிறவர்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. எந்தக் காலண்டரிலும் கிடைக்கும் வாக்கியம் அது.

ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 2007இல் 'தி செயிண்ட்ஸ்' படைப்புக்காக, இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்ற 1966 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியின் ஆரவாரத்தை மணிலாவில் ஆயிரம் பேரைத் திரையரங்கில் அமர்த்தி மீண்டும் எழுப்ப வைத்தார். தங்களுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு நாடுகளுக்காக அவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

எங்கள் ஊர்க்காரருக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து நடக்கும் இரவுகளில் மைதானத்து இரைச்சல் வயல் தாண்டி வீட்டுத் திண்ணைவரை வரும். வர்ணனை மலையாளத்தில், திட்டு தமிழில். ஒரு பந்தையும் கண்ணால் பார்க்காத என் அம்மா வெற்றிலையை மடித்தபடியே சொல்வார்: "கோல் இல்லை. கம்பத்தில் பட்டிருக்கும்."