மூன்று கிண்ணத் தானியத்தில் இரசாயனச் சமன்பாடு

சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இரசாயனச் சமன்பாடு என்றாலே பயம். வெள்ளவத்தையில் என்னிடம் வரும் பிள்ளைகளை முதல் நாள் கொப்பியைத் திறக்க விடமாட்டேன். குசினியிலிருந்து மூன்று கிண்ணங்களைக் கொண்டுவந்து மேசையில் வைப்பேன். நீங்களும் எடுத்து வையுங்கள்.

கடலைதான் காபன் அணு. பயறு ஐதரசன், கௌபி ஒட்சிசன். ஒரே வகை அணுக்களால் ஆனது மூலகம். வெவ்வேறு மூலகங்களின் அணுக்கள் குறித்த கணக்கில் பிணைந்தால் அது சேர்வை. இரண்டு பயறும் ஒரு கௌபியும் சேர்ந்தால் நீர். ஒரு கடலையும் இரண்டு கௌபியும் காபனீரொட்சைட்டு. பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறது பாருங்கள், 'ஈர்' என்றால் இரண்டு.

முதலில் நீரைச் செய்வோம். ஐதரசன் வாயுவும் ஒட்சிசன் வாயுவும் சோடி சோடியாகவே இருக்கும். இடப்பக்கம் ஒரு சோடி பயறும் ஒரு சோடி கௌபியும் வையுங்கள். அவற்றால் வலப்பக்கம் ஒரு நீர் செய்தால் ஒரு கௌபி மிஞ்சும். இங்கேதான் பிள்ளைகள் பிழை விடுவார்கள்: மிஞ்சியதையும் நீரோடு ஒட்டிவிடுவார்கள். எண்ணிக்கை சரி, ஆனால் பொருளே மாறிவிட்டது! இரண்டு பயறு, இரண்டு கௌபி என்றால் ஐதரசன் பரவொட்சைட்டு. பார்மசியில் விற்கும், காயத்தில் பட்டால் நுரைக்கிற அந்த மருந்து. இப்படிப் பிணைந்து நிற்கும் அணுக் கூட்டம்தான் மூலக்கூறு. அதற்குள் கை வைக்கக்கூடாது. எத்தனை மூலக்கூறு என்பதை மட்டும் மாற்றலாம். இன்னொரு சோடி பயறு எடுங்கள்.

2 ஐதரசன் + 1 ஒட்சிசன் → 2 நீர்

இருபுறமும் 4 பயறு, 2 கௌபி. இரசாயனத் தாக்கத்தில் அணு புதிதாகத் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் லவோசியர் மூடிய பாத்திரங்களை நிறுத்துப் பார்த்து, மொத்தத் திணிவு மாறுவதில்லை என்று காட்டினார்.

அப்புறம் காஸ் அடுப்பு. சிலிண்டரில் பெரும்பாலும் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேனில் 3 கடலை, 8 பயறு. அது ஒட்சிசனோடு முழுதாக எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீரும் வரும். இடப்பக்கத்தில் ஒட்சிசன் வேறு மூலகத்தோடு சேராமல் நிற்பதால் அதைக் கடைசிக்கு விடுங்கள். 3 கடலைக்கு 3 காபனீரொட்சைட்டு, 8 பயறுக்கு 4 நீர். சரி, வலப்பக்கக் கௌபியை எண்ணுங்கள். 6உம் 4உம் 10, அதாவது 5 சோடி.

1 புரொப்பேன் + 5 ஒட்சிசன் → 3 காபனீரொட்சைட்டு + 4 நீர்

அந்த 5ஐக் கவனியுங்கள். காற்றில் கனவளவில் ஏறக்குறைய 21 சதவீதம்தான் ஒட்சிசன். ஆகவே ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய 24 பங்கு காற்றாவது வேண்டும். தொடர்மாடி வீட்டின் சின்னக் குசினியில் யன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்காதீர்கள். ஒட்சிசன் போதாவிட்டால் நீலச் சுவாலை மஞ்சளாகும், சட்டியின் அடியில் கரி பிடிக்கும், காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் உண்டாகும். 'ஈர்' போய் 'ஓர்' வந்துவிட்டது. கடலைக்கு ஒரு கௌபி குறைந்ததால் வந்த ஆபத்து அது.

பியூட்டேனை நீங்களே செய்து பாருங்கள். 4 கடலை, 10 பயறு. ஒட்சிசனுக்கு வரும்போது 13 கௌபி தேவைப்படும், சோடி சேராது. பதற வேண்டாம், எல்லாவற்றையும் இரட்டியுங்கள். கடைசியில் இருபுறமும் 26 கௌபி இருக்க வேண்டும்.