கௌரி மரம் பார்க்கப் போகும் முன் ஷூவைத் திருப்பிப் பாருங்கள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் வைபோவா காட்டுக்குக் கூட்டிப்போவது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எங்கள் வீட்டு வழக்கம். வடக்கே காரில் மூன்றரை மணி நேரம். அங்கே நிற்கும் தானே மஹுத்தா என்ற கௌரி மரத்துக்கு இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் தங்கள் காட்டுத் தெய்வத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். அடிமரத்தின் சுற்றளவு 13 மீட்டருக்கு மேல். வயது 1,250 முதல் 2,500 வரை இருக்கலாம் என்பது கணிப்பு. மரத்தின் பெயரை உச்சரித்ததும் "கௌரியா, அம்மன் பேராச்சே" என்றார் அம்மா. உச்சரிப்பு கிட்டத்தட்ட அதுதான், நானும் திருத்தவில்லை.

இந்த மரத்தைக் கொல்லும் நோய் நம் கால் மண்ணில் பயணம் செய்கிறது. அதனால் டிக்கெட், சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் ஷூவைக் கவனியுங்கள்.

நோய்க்குக் காரணம் பைட்டோப்தோரா அகத்திடிசிடா என்ற நுண்ணுயிர். பெயர் புதிதாகத் தோன்றும், ஆனால் அதன் பங்காளியை நம்மில் பலருக்குத் தெரியும். கொல்லிமலையில் எங்கள் மாமா தோட்டத்து மிளகுக் கொடிகள் ஒரு மழைக்காலத்தில் சில வாரங்களுக்குள் கருகி விழுந்தன. அந்த வாடல் நோய்க்குக் காரணமும் இதே பைட்டோப்தோரா குடும்பம்தான். ஈரமண்ணில் நீந்திப்போய் வேரைத் தொடும், வேரை அழுகவைக்கும், மேலே தண்ணீர் ஏறாமல் செய்யும். கௌரியில் அடிமரத்தைச் சுற்றிப் பிசின் வடியும், இலை மஞ்சளாகும், உச்சி மெலிந்து கடைசியில் எலும்புக்கூடாக நிற்கும். மிளகுக்கொடி செத்தால் அடுத்த வருடம் வேறு கொடி நடலாம். இங்கே போவது ஆயிரம் வருட மரம்.

சரி, சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். முதல் தடவை போனபோது நான் செய்த தப்பையே சொல்கிறேன். காட்டு வாசலில் ஷூ சுத்தம் செய்யும் இடம் இருக்கிறது: கீழே பிரஷ்கள், அப்புறம் மிதித்தால் கிருமிநாசினி தெளிக்கும் மேடை. பிரஷ்ஷில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மேடையில் ஏறி நன்றாகத் தெளித்துக்கொண்டேன். மருந்துதானே முக்கியம் என்று நினைப்பு. அங்கே நின்ற ஒரு பெரியம்மா என் காலைத் தூக்கச் சொல்லி, ஷூ அடியின் பள்ளங்களில் அப்பியிருந்த மண்ணைக் காட்டினார். மண்ணுக்கு மேல் அடிக்கிற மருந்து மண்ணுக்குள் போகாது. அதைவிட மோசம், இந்தக் கிருமி தடித்த ஓடு கொண்ட வித்துகளையும் உண்டாக்குகிறது. அவை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெளிக்கிற மருந்து அவற்றைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. குண்டூசித் தலையளவு மண் போதும், நோய் பரவ. ஆகவே பிரஷ்தான் பாதுகாப்பு, மருந்து அதற்குப் பிறகுதான்.

நான் இப்போது முந்தின நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து தேய்த்துவிடுகிறேன். கெட்டியான பிரஷ் ஒன்று, பள்ளங்களுக்குப் பழைய டூத்பிரஷ், ஒட்டிக் காய்ந்த களிமண்ணுக்கு ஒரு குச்சி. ஆழமான பள்ளம் உள்ள மலையேற்ற ஷூ வேண்டவே வேண்டாம், தட்டையான அடி உள்ளது போதும். ஷூவோடு நிறுத்தாதீர்கள். குழந்தை வண்டிச் சக்கரம், ஊன்றுகோல் நுனி, புல்லில் வைத்த பையின் அடிப்பாகம், அம்மா ஊன்றிக்கொண்டு நடக்கும் குடையின் முனை, எல்லாம் மண் தொட்டவைதான். வாசலில் அப்பா, "செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட வந்துடட்டுமா?" என்று கேட்டார். கோயில் பழக்கம்! காலிலும் மண் ஒட்டும் அப்பா என்று சொல்லிச் செருப்பைத் தேய்த்துக் கொடுத்தேன். 2022 ஆகஸ்ட் முதல் கௌரிக் காட்டுக்குள் மண்ணோடு போகக்கூடாது என்பது நாடு முழுவதற்குமான விதி. வெளியே வரும்போதும் அதே தேய்ப்புதான். பலர் கோட்டைவிடுவது இதில்தான். பார்த்து முடித்தாயிற்று, பசி வேறு.

உள்ளே போனபின் பாதையை விட்டுக் கீழே இறங்காதீர்கள். மரத்தைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று பெரியவர்களுக்குக் கை துடிக்கும், புரிகிறது. கௌரிக்கு உணவு இழுக்கும் மெல்லிய வேர்கள் சருகுக்குச் சற்றுக் கீழேயே படர்ந்திருக்கின்றன, கிளைகளின் நிழலையும் தாண்டி. மரப்பலகைப் பாதை போட்டிருப்பது நம் வசதிக்காக மட்டும் இல்லை. தானே மஹுத்தாவுக்குச் சுமார் 60 மீட்டர் தொலைவில் நோய் கண்ட மரம் இருப்பது 2018ல் தெரியவந்தது.

ஆக்லாந்துக்கு அருகிலுள்ள வைட்டாக்கரே மலைக்குப் போவதானால் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அன்று காலையே பாருங்கள். அந்த மண்ணுக்குரிய மாவோரி மக்கள் 2017 டிசம்பரில் காட்டுக்கு ராஹுயி, அதாவது வழிவழித் தடை, விதித்தார்கள். அடுத்த வருடம் நகராட்சியும் மூடியது. பிறகு பாதைகளைச் சீரமைத்து ஒவ்வொன்றாகத் திறந்து வருகிறார்கள். 'மூடப்பட்டது' என்ற பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள்.

உங்கள் மனையிலேயே கௌரி நின்றால் வேலை கொஞ்சம் கூட. கிளை விரிவைப்போல மூன்று மடங்கு தூரம் வரை தோண்டாதீர்கள், வண்டி நிறுத்தாதீர்கள், ஆடுமாடு போகாமல் வேலி போடுங்கள். அடியில் பிசின் வடிந்தால் வட்டார கவுன்சிலுக்குச் சொல்லுங்கள். மரத்தில் துளையிட்டுப் பாஸ்பைட் என்ற மருந்தை ஊசியாகப் போடும் முறை உண்டு. மிளகுக்கு நம் ஊரில் கொடுக்கும் பொட்டாசியம் பாஸ்போனேட்டின் அதே சங்கதி. நோயை மெதுவாக்கும், தீர்க்காது. அளவு மிஞ்சினால் இலை கருகும், அதனால் தெரிந்தவர்களை வைத்தே போடுங்கள்.

திரும்பும் வழியில் டார்கவில் ஊரில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்காமல் அம்மா வரமாட்டார். மண்ணோடு வரும் அந்த மூட்டையை ஷூக்களிலிருந்து தள்ளி வைக்கிறேன். வீட்டில் ஷூவிலிருந்து உதிரும் மண்ணைத் தோட்டத்தில் கொட்டாமல் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். தேய்த்த பிரஷ்ஷையும் கழுவிக் காயவையுங்கள்.