ஐடி வேலைக்கு இங்கிலீஷ்: முதல்ல எழுதிப் பழகுங்க, பேச்சு பின்னாடியே வரும்

கோடிங் நல்லா வருது, லாஜிக் புரியுது, ஆனா மீட்டிங்ல பேரைச் சொல்லி கூப்பிட்டா மட்டும் தொண்டை அடைச்சிக்குது. இந்த நிலைமைல இருக்கிறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நிறைய பேர் உடனே ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ்ல சேந்து டென்ஸ் சார்ட்டை மறுபடி முதல்ல இருந்து படிக்க ஆரம்பிச்சிடுறாங்க. சார்ட் முழுசும் மனப்பாடம் ஆனாலும் "எந்த பில்டுல இது உடைஞ்சுது"ன்னு ஒருத்தர் கேட்டா பதில் வராது, ஏன்னா அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை நாம அதுவரைக்கும் சொந்தமா கட்டிப் பார்த்ததே இல்ல.

டெக் வேலைல தேவைப்படுற இங்கிலீஷ் ரொம்பச் சின்னது. விமானப் பராமரிப்பு மேனுவல் எழுதுறதுக்கு சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல அனுமதிச்ச பொது வார்த்தைகள் சுமார் 900தான், அதுக்கு மேல அந்தத் துறைக்கான பேர்களைச் சேத்துக்கலாம், வேலை செய்யச் சொல்ற வாக்கியம் 20 வார்த்தையைத் தாண்டக்கூடாது. விமானத்தைப் பிரிச்சு மாட்டுறதுக்கே இவ்வளவு போதும்னா நம்ம லாகின் பேஜுக்குக் கண்டிப்பா போதும். அதனால பெரிய பெரிய வார்த்தை தேடி ஓடாதீங்க, கீழ இருக்கிற வரிசைல போங்க.

ஸ்டெப் 1: முடிவை முதல்ல சொல்லுங்க

என்னைக் கேட்டா மொத்தப் பதிவுலயும் இதுதான் முக்கியம். தமிழ்ல வினைச்சொல் கடைசில வரும், கதையும் அப்படித்தான் போகும், காரணத்தை எல்லாம் அடுக்கிட்டு கடைசியா விஷயத்துக்கு வருவோம். "நேத்து சர்வர் அப்டேட் பண்ணாங்க, அதுல கான்ஃபிக் ஃபைல் மாறிடுச்சு, அதனால டேட்டாபேஸ் கனெக்ட் ஆகல, அதான் லாகின் வேலை செய்யல." தமிழ்ல இது அழகா இருக்கு. இதையே அப்படியே இங்கிலீஷ்ல சொல்ல ஆரம்பிச்சா பாதி வழில வாக்கியம் சிக்கிக்கும், கேக்குறவரும் "சரி, இப்ப பிரச்சனை என்ன"ன்னு காத்துட்டே இருப்பாரு.

தலைகீழா மாத்துங்க. "லாகின் இஸ் டவுன். த ஆப் கேனாட் கனெக்ட் டு த டேட்டாபேஸ். த கான்ஃபிக் ஃபைல் சேஞ்ச்ட் இன் எஸ்டர்டேஸ் அப்டேட்." மூணு குட்டி வாக்கியம், ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு விஷயம். "விச்", "பிகாஸ் ஆஃப் தட்"னு ஒட்டுப்போட வேண்டிய அவசியமே இல்ல, கிராமர் தப்பு நிறைய வர்றதே அந்த ஒட்டுற இடத்துலதான்.

பழக்கம் இப்படிப் பண்ணுங்க: இன்னைக்கு வேலைல நடந்த ஏதாவது ஒண்ணை எடுத்து, தமிழ்ல நினைச்சு, அதுல கடைசியா வந்த வரியை முதல் வரியா இங்கிலீஷ்ல எழுதுங்க. தினம் ஒண்ணு எழுதினா போதும்.

ஸ்டெப் 2: கமிட் மெசேஜ்ல ஆரம்பிங்க

கோடை மாத்தி சேமிக்கும்போது என்ன மாத்துனோம்னு எழுதுற குறிப்புதான் கமிட் மெசேஜ். இது இலவசமா கிடைக்கிற பயிற்சி, ஆனா நிறைய பேர் "சேஞ்சஸ்", "ஃபைனல்", "ஃபைனல் டூ"ன்னு போட்டு வீணாக்குறாங்க. கோட் மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கிற கிட்ங்கிற டூலோட டாக்குமென்டேஷனே முதல் வரியை 50 எழுத்துக்குள்ள சுருக்கமா வெச்சு, ஒரு வரி காலியா விட்டு, அப்புறம் விவரம் எழுதச் சொல்லுது. கிட் டூலையே உருவாக்குற ப்ராஜெக்ட்ல பேட்ச், அதாவது கோட் திருத்தம், அனுப்புறவங்க கட்டளை போடுற மாதிரி எழுதணும்னு விதியும் இருக்கு: "ஃபிக்ஸ் லாகின் டைம்அவுட் ஆன் ஸ்லோ நெட்வொர்க்". வினைச்சொல் முதல்ல நிக்கும், டென்ஸ் தொல்லை இல்ல, "ஹேஸ்"ஸா "ஹேவ்"வான்னு யோசிக்க வேண்டாம். ஆட், ரிமூவ், ஃபிக்ஸ், ரீநேம், மூவ், அப்டேட், இந்த ஆறு வச்சே பாதி வேலை ஓடிடும். விவரம் எழுதுற இடத்துல ஏன் மாத்துனீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க, அங்கதான் உங்க இங்கிலீஷ் வளரும்.

ஸ்டெப் 3: பக் ரிப்போர்ட், அப்புறம் உதவி கேக்குறது

பக் ரிப்போர்ட்டுக்கு உலகம் பூரா ஒரே எலும்புக்கூடுதான்: எப்படிப் பண்ணா அந்தப் பிரச்சனை வருது, என்ன நடக்கும்னு எதிர்பார்த்தீங்க, உண்மைல என்ன நடந்துச்சு. இதோட எந்த வெர்ஷன், எந்த பிரௌசர். "இட் இஸ் நாட் ஒர்க்கிங்"னு மட்டும் எழுதுற பழக்கத்தை இன்னைக்கே விட்டுடுங்க, அந்த வரியை வச்சு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. பட்டனை அழுத்துனா ஒண்ணுமே நடக்கலையா, எரர் வந்துச்சா, தப்பான பேஜுக்குப் போச்சா, அதை எழுதுங்க. எரர் மெசேஜை ஸ்கிரீன்ஷாட்டா போடாம காப்பி பண்ணிப் போடுங்க, அப்பதான் எதிர்ல இருக்கிறவங்க அதைத் தேடிப் பாக்க முடியும்.

சாட்ல உதவி கேக்கும்போதும் இதேதான். "ஹாய்"ன்னு அனுப்பிட்டு பதிலுக்குக் காத்திருக்கிறது நமக்கு மரியாதையா தோணுது, நல்ல எண்ணத்துலதான் பண்றோம், ஆனா வேற டைம்ஜோன்ல இருக்கிற ஒருத்தர் அந்த ஹாய்க்கு ஹாய் சொல்றதுக்கே ஒரு நாள் போயிடும். வணக்கமும் கேள்வியும் ஒரே மெசேஜ்ல போகட்டும்: என்ன பண்ணப் பாக்குறீங்க, என்ன எரர் வருது, இதுவரைக்கும் என்ன முயற்சி பண்ணீங்க, அவங்ககிட்ட இருந்து என்ன வேணும். அந்த மூணாவது விஷயம் இருக்கே, அது ரொம்ப முக்கியம், நீங்க சும்மா வந்து கேக்கல, உழைச்சிட்டு வந்து கேக்குறீங்கன்னு அதுலதான் தெரியும்.

இங்க ரெண்டு பழக்கத்தை மட்டும் மாத்திக்கோங்க. "ஐ ஹேவ் எ டவுட்"னு நாம சொல்றது வெளிநாட்டு டீம்காரங்களுக்கு "எனக்கு நம்பிக்கை இல்ல"ன்னு கேக்கலாம், "ஐ ஹேவ் எ கொஸ்டின்"னு சொல்லிடுங்க. "ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்"னு முடிக்காம என்ன பண்ணணுமோ அதையே நேரா எழுதுங்க: "ப்ளீஸ் ரீஸ்டார்ட் த டெஸ்ட் சர்வர் பிஃபோர் ஃபைவ்."

ஸ்டெப் 4: ஸ்டாண்ட்அப்பை எழுதி வச்சு சொல்லுங்க

ஸ்க்ரம்னா வேலையைச் சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு டீமா செய்யுற முறை, அந்த டீம்கள்ல தினமும் நடக்குற ஸ்டாண்ட்அப் மீட்டிங்குக்கு அதிகபட்சம் 15 நிமிஷம்தான். நேத்து என்ன பண்ணேன், இன்னைக்கு என்ன பண்ணப் போறேன், எங்க மாட்டிட்டு நிக்கிறேன்ங்கிற அந்த மூணு கேள்வியை 2020ல வந்த ஸ்க்ரம் கைடுல இருந்து எடுத்துட்டாங்க, ஆனாலும் நிறைய டீம்ல இன்னும் அதுதான் ஓடுது, புதுசா கத்துக்கிறவங்களுக்கு அது நல்ல கைப்பிடி.

மீட்டிங்குக்கு முன்னாடி மூணு வரி எழுதிக்கோங்க. "ஐ ஃபினிஷ்ட் த பேமென்ட் ஃபார்ம். டுடே ஐ வில் ரைட் த டெஸ்ட்ஸ். ஐ ஆம் ப்ளாக்ட் ஆன் த ஏபிஐ கீ." (ஏபிஐ கீன்னா இன்னொரு சர்வீஸைப் பயன்படுத்தத் தேவைப்படுற ரகசியக் குறியீடு.) வாய்விட்டு ஒரு தடவை படிங்க, மனசுக்குள்ள படிச்சா கணக்கு இல்ல, நாக்கும் உதடும் அந்த வார்த்தைங்களைத் தொட்டிருக்கணும். ஆரம்பத்துல பாத்து படிச்சாலும் தப்பே இல்ல, யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க, சுருக்கமா சொன்னதுக்கு சந்தோஷம்தான் படுவாங்க. கொஞ்ச நாள் கழிச்சு முழு வரிக்குப் பதிலா ஒரு ஒரு வார்த்தை மட்டும் குறிச்சு வச்சுட்டு சொல்லிப் பாருங்க, அப்புறம் அதுவும் தேவைப்படாது.

ஸ்டெப் 5: புரியலன்னா புரிஞ்ச வரைக்கும் திருப்பிச் சொல்லுங்க

பேசத் தெரியாததை விட இதுல வர்ற நஷ்டம் பெருசு. வேகமா பேசுறாங்க, ஆக்சென்ட் புடிபடல, நாம "எஸ் எஸ், ஓகே"ன்னு தலையாட்டிட்டு வந்துடுறோம், அப்புறம் ரெண்டு நாள் வேற எதையோ கட்டிட்டு உக்காந்திருப்போம். "சாரி, ஐ டிடின்ட் அண்டர்ஸ்டாண்ட்"னு மட்டும் சொன்னா அவங்க அதே வேகத்துல அதையே திரும்பச் சொல்வாங்க. அதுக்குப் பதிலா "லெட் மீ கன்ஃபர்ம்"னு ஆரம்பிச்சு உங்களுக்குப் புரிஞ்சதைச் சொல்லுங்க: "லெட் மீ கன்ஃபர்ம். வீ கீப் த ஓல்ட் ஏபிஐ, அண்ட் ஆட் எ நியூ ஒன். இஸ் தட் ரைட்?" தப்பா புரிஞ்சிருந்தா அந்த இடத்தை மட்டும் திருத்துவாங்க. மீட்டிங் முடிஞ்சதும் முடிவான விஷயங்களை ரெண்டு மூணு வரியா சாட்ல போட்டுடுங்க, காதுல விட்டது ஏதாவது இருந்தா அங்க புடிச்சிடலாம்.

காதைப் பழக்கணும்னா யூட்யூப்ல உங்க துறை சம்பந்தமான கான்ஃபரன்ஸ் டாக் ஒண்ணு எடுங்க. முதல்ல சப்டைட்டில் இல்லாம ரெண்டு நிமிஷம், அப்புறம் சப்டைட்டிலோட அதே ரெண்டு நிமிஷம், அப்புறம் வேகத்தை 0.75ல வச்சு பேசுறவர் கூடவே சேந்து நீங்களும் பேசுங்க. புதுசு புதுசா பாக்குறதை விட ஒரே துண்டை திரும்பத் திரும்ப பண்றதுதான் பலன் தரும்.

ஸ்டெப் 6: ஆக்சென்ட்டை விடுங்க, துறை வார்த்தைகளோட உச்சரிப்பைப் பாருங்க

ஆக்சென்ட் மாத்தணும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. ஆனா தினம் பத்து தடவை சொல்ற வார்த்தை தப்பா வந்தா எதிர்ல இருக்கிறவங்க வேற வார்த்தைன்னு நினைச்சிடுவாங்க. சிஏசிஎச்இ-ன்னு எழுதுறதை "கேச்சே"ன்னு படிக்கிறவங்க இருக்காங்க, அது "கேஷ்". க்யூயூஇயூஇ-ன்னு எழுதுற, வரிசைன்னு அர்த்தம் வர்ற வார்த்தையையும் "க்யூ"ங்கிற ஒரே எழுத்து மாதிரிதான் சொல்லணும். "டெக்னிக்கல் டெட்"ல (அவசரத்துல எழுதிட்டு பின்னாடி சரிபண்ண வேண்டியிருக்கிற கோட்) டெட்டை டிஇபிடி-ன்னு எழுதினாலும் பி சத்தம் வராது. என்ஜிங்ஸ்னு படிக்கத் தோணுற அந்த வெப் சர்வர் பேரு "எஞ்சின் எக்ஸ்". எஸ்க்யூஎல்லை எழுத்தெழுத்தா சொன்னாலும் "சீக்வெல்"னு சொன்னாலும் ரெண்டுமே புழக்கத்துல இருக்கு. சந்தேகம் வந்தா டிக்ஷனரி ஆப்ல ஸ்பீக்கர் பட்டனை அழுத்திக் கேளுங்க.

ஸ்டெப் 7: கோட் ரிவ்யூல கோடைப் பத்தி மட்டும் பேசுங்க

ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் பாத்து கருத்து எழுதுறதுதான் கோட் ரிவ்யூ. அதுல "வை டிட் யூ டூ திஸ்"னு எழுதுனா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும், நமக்கு அந்த எண்ணமே இருக்காது. "யூ"வை எடுத்துட்டு கோடை எழுவாயா வைங்க: "திஸ் லூப் ரன்ஸ் ட்வைஸ். கேன் வீ மூவ் இட் அவுட்?" கூகுள் வெளியிட்டிருக்கிற கோட் ரிவ்யூ வழிகாட்டிலயும் ஆளைப் பத்தி இல்லாம கோடைப் பத்திதான் கமென்ட் போடணும்னு இருக்கு, சின்ன விஷயம்னா முன்னாடி "நிட்" (சின்னக் குறை)னு போடச் சொல்றாங்க. அதே கூகுளோட டெக்னிக்கல் ரைட்டிங் கோர்ஸும் இலவசமா இருக்கு, முதல் பாகத்தை மட்டுமாவது முடிச்சிடுங்க.

ஸ்டெப் 8: இன்டர்வியூ

மேல இருக்கிறதைப் பழகிட்டு வந்தீங்கன்னா இதுக்குத் தனியா பெருசா தயாராக வேண்டாம். ஸ்டார்னு ஒரு வரிசை இருக்கு: நிலைமை என்ன, உங்க பொறுப்பு என்ன, நீங்க என்ன செஞ்சீங்க, என்ன பலன். நீங்க பண்ண ப்ராஜெக்ட் மூணை எடுத்து இந்த வரிசைல எழுதி, போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. எழுதினதை ஏஐ கிட்ட குடுத்து திருத்தலாம், தாராளமா பண்ணுங்க, ஆனா முதல் வரைவு உங்களோடதா இருக்கணும், அது எந்த இடத்தை மாத்துச்சுன்னு வரிக்கு வரி பாக்கணும். அது எழுதினதையே மனப்பாடம் பண்ணிட்டுப் போனா ரெண்டாவது கேள்விலயே மாட்டிப்பீங்க.

இன்னொண்ணு, நாம பணிவா எல்லாத்துக்கும் "வீ"ன்னு சொல்லிடுறோம். டீம் பண்ணதுக்கு "வீ" சொல்லுங்க, நீங்க பண்ணதுக்கு கூச்சப்படாம "ஐ" சொல்லுங்க, அவங்க வேலைக்கு எடுக்கப் போறது உங்களைத்தான். கடைசில "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா"ன்னு கேப்பாங்க, அதுக்கும் ரெண்டு கேள்வி எழுதி வாய்விட்டுப் படிச்சு வச்சுக்கோங்க: "ஹௌ டஸ் த டீம் ரிவ்யூ கோட்?", "வாட் வுட் ஐ ஒர்க் ஆன் இன் த ஃபர்ஸ்ட் மன்த்?"