சூப்பர் காருக்கு வெள்ளம் ஆகாது

கோலாலம்பூரில் மாலை மழை கொட்டித் தீர்த்தால் தாழ்வான சாலைகளில் திடீர் வெள்ளம் வந்துவிடும். மைவி என்ற சிறிய காரை ஓட்டுபவர் தயங்கி நிற்க, ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் சீறிப் பாய்வதைப் பார்க்கலாம். பணம் இருந்தால் தண்ணீர் வழிவிடுமா என்ன!

1966இல் லம்போர்கினி மியூரா வந்தது முதல், சூப்பர் கார் என்றாலே பெரும்பாலும் இருக்கைக்குப் பின்னால் எஞ்சின், தரையை ஒட்டிய உடல். அந்தத் தாழ்வுதான் மழையில் வினை. அடிப்பாகத்துக்கும் சாலைக்கும் இடையே பலவற்றில் சுமார் 12 சென்டிமீட்டர்தான் இடைவெளி. வேகமாகப் போனால் அலை எழும்பி, எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் தண்ணீர் புகும். காற்றைப்போல் தண்ணீர் அழுந்தாது. அதனால் எஞ்சினுக்குள் அதை அழுத்தப் பார்க்கும் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும்.

சாலையோரக் கல்விளிம்பு தண்ணீரில் மறைந்திருந்தால் திரும்பிவிடுங்கள். நடுவில் எஞ்சின் நின்றுபோனால் மீண்டும் முடுக்கவே கூடாது. இறங்கி மேட்டுக்குப் போய், இழுவை வண்டியை அழையுங்கள்.

முழுக் காப்புறுதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மலேசியாவில் வெள்ளச் சேதத்துக்கான பாதுகாப்பைப் பொதுவாகத் தனிக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.