லேபர் மேனேஜ்மென்ட் முடிச்சிட்டு ஆந்திரா பார்டர்ல தடா பக்கம் வேலைக்கு வர்ற பசங்க பண்ற தப்புங்க

போன வாரம் சூலூர்பேட்டை லோக்கல் ட்ரெயின்ல ரெண்டு பசங்க, கழுத்துல கம்பெனி ஐடி கார்டு, எம்ஏ லேபர் மேனேஜ்மென்ட் முடிச்சு ஆறு மாசம்தான் ஆச்சாம், அதுல ஒருத்தன் போன்ல ஒரு சார்ஜ் ஷீட்ட (தொழிலாளி மேல குற்றம் சொல்லி கம்பெனி குடுக்கற பேப்பர்) காட்டி "பழைய ஃபைல்ல இருந்து அப்டியே எடுத்துட்டேன்டா, அஞ்சு நிமிஷ வேலை"ங்கறான். எனக்கு வயித்த கலக்கிடுச்சு. அதே அஞ்சு நிமிஷ வேலைய நானும் பண்ணிருக்கேன். கும்மிடிப்பூண்டியில எறங்க வேண்டியவன் ஆரம்பாக்கம் வரைக்கும் அவங்க கூடவே போய் பேசிட்டு வந்தேன்.

ரெஸ்யூம்ல எழுத்துப்பிழை, இன்டர்வியூக்கு லேட்டா போறது, இதெல்லாம் யாரும் சொல்லுவாங்க. நான் வேற சொல்றேன்.

எச்ஆர்னா எல்லாம் ஒண்ணுனு நெனைக்கறது

சென்னையில ஏசி ரூம்ல ஆள் எடுக்கற வேலை கெடைக்குது, மூணு வருஷம் அதுலயே ஓடிருது, அப்புறம் பிளான்ட் ஐஆர் வேலைக்கு, அதாவது தொழிலாளி, யூனியன் விவகாரம் பாக்கற வேலைக்கு, இன்டர்வியூ வந்தா மொத கேள்வியே "எத்தன யூனியன் செட்டில்மென்ட்ல உக்காந்திருக்கீங்க?" முழிப்பான். ஐஆர்தான் வேணும்னா மொத வேலையே ஷாப் ஃப்ளோர் பக்கம் எடு, சம்பளம் ரெண்டாயிரம் கொறஞ்சாலும் பரவால்ல. ஆள் எடுக்கற வேலையே புடிச்சிருந்தா தாராளமா இரு, அது வேற ரூட்டு, அவ்ளோதான்.

வெல்ஃபேர் ஆபீசர் தகுதிய பாக்காம கோர்ஸ் சேர்றது

ஃபேக்டரி சட்டத்துல 500 பேர் இருந்தா வெல்ஃபேர் ஆபீசர் (தொழிலாளி நலன பாக்கறவர்) வேணும்னு இருந்துச்சு, தொழிலாளர் பாதுகாப்புக்கு வந்த புது லேபர் கோட்ல (சட்டத்துல) அது 250. அதாவது போஸ்ட்டு ஜாஸ்தியாகுது. ஆனா என்ன படிச்சவன் அதுல உக்காரலாம்னு சொல்றது அந்தந்த மாநில விதி. ஃபீஸ் கட்றதுக்கு முன்னாடி தமிழ்நாடு விதியையும் ஆந்திரா விதியையும் தனித்தனியா எடுத்துப் படி.

பழைய நோட்ஸ்

2025 நவம்பர் 21-ல இருந்து நாலு லேபர் கோடும் அமல். ஸ்டாண்டிங் ஆர்டர் (கம்பெனியோட வேலை, ஒழுங்கு விதிங்க) கட்டாயம்ங்கற வரம்பு 300 பேர். சீனியர் குடுத்த ஜெராக்ஸ்ல இன்னும் 100னு இருக்கும்.

அவனுக்குத் தெரியாத மொழியில சார்ஜ் ஷீட் குடுக்கறது

இப்ப விஷயத்துக்கு வரேன். 2012, தடா பக்கம் ஒரு பிளான்ட், எனக்கு வயசு 24. தெலுங்கு பேசற சூலூர்பேட்டைக்காரர் ஒருத்தர் சூப்பர்வைசர கெட்ட வார்த்தையில திட்டி சட்டைய புடிச்சிட்டாருன்னு ரிப்போர்ட் வந்துது. நான் பழைய ஃபைல்ல இருந்து இங்கிலீஷ் சார்ஜ் ஷீட்ட எடுத்து பேர மாத்தி, கையெழுத்து வாங்கி, சஸ்பெண்ட் பண்ணி, என்கொயரியும் வெச்சாச்சு. நாங்க கேள்வி கேட்டது தமிழ்ல. அவருக்கு கேன்டீன்ல பேசற அளவுக்குதான் தமிழ் வரும், எதக் கேட்டாலும் "சரி சார், சரி சார்". நான் பெருமையா "குற்றத்தை ஒப்புக்கொண்டார்"னு எழுதிட்டேன். டிஸ்மிஸ்.

லேபர் கோர்ட்ல அவர் தெலுங்குல ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாரு, அது லீவ் பேப்பர்னு நெனச்சு கையெழுத்து போட்டேன்னு. என்கொயரி செல்லாதுன்னு தூக்கிட்டாங்க. அப்டி ஆனா மேனேஜ்மென்ட் குற்றத்த கோர்ட்லயே முதல்ல இருந்து நிரூபிக்கணும், ஆனா அந்த சூப்பர்வைசர் அதுக்குள்ள வேற கம்பெனிக்குப் போயிட்டாரு, சாட்சி சொல்ல வரமாட்டேன்னுட்டாரு. வேலைய திருப்பிக் குடுன்னு தீர்ப்பு. மேனேஜ்மென்ட் ஐகோர்ட் போச்சு, போனா என்ன, அப்ப இருந்த தொழில் தகராறு சட்டத்துல 17பி பிரிவு இருக்கே, கேஸ் முடியற வரைக்கும் கடைசியா வாங்கின சம்பளத்த மாசாமாசம் குடுக்கணும். அவர் வீட்ல இருந்தாரு, சம்பளம் மாசாமாசம் அவருக்குப் போயிட்டே இருந்துச்சு. சஸ்பென்ஷன்ல இருந்தப்பவே மொத 90 நாள் பாதி சம்பளம், அதுக்கப்புறம் 75 சதவீதம்னு தனியா போனது வேற.

இதுல எரிச்சல் என்னன்னா, அந்த ஆளு நெஜமாவே சட்டைய புடிச்சாரு, பத்து பேர் பாத்தாங்க. தெலுங்குல ஒரு பக்கம் அடிச்சு, என்கொயரியில தெலுங்கு தெரிஞ்ச ஒருத்தர உக்கார வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும். இப்ப ஒடியா, இந்தி பசங்களும் வந்துட்டாங்க, நம்ம பசங்க இன்னும் அதே இங்கிலீஷ் ஃபைல்ல பேர மட்டும் மாத்தறாங்க!

ட்ரெயின்ல அந்தப் பையன் கேட்டான், "அண்ணா, கூகுள்ல போட்டு தெலுங்குல எடுத்துக்கலாமா?" எடுத்துக்கோ, ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி டைம் ஆபீஸ்ல தெலுங்கு தெரிஞ்ச ஒருத்தர படிக்கச் சொல்லி, அவருக்கு என்ன புரிஞ்சுதுன்னு கேளுன்னேன். பேர வெளிய சொல்லக்கூடாதுன்னா பேர அடிச்சிட்டுக் காட்டு. ஒரு வருஷத்துல நீயும் தெலுங்கு பேசக் கத்துக்கோ. பார்டர்ல ஐஆர்காரனுக்கு அது சர்டிஃபிகேட்ட விட பெரிசு.

ரெண்டு ஸ்டேட்டுக்கும் ஒரே எக்செல்

தொழில் வரி தமிழ்நாட்டுல அரையாண்டுக்கு ஒரு தடவ, ஆந்திராவுல மாசாமாசம், அங்க மாச சம்பளம் 20,000 தாண்டினா 200 ரூபா. ஷீட்ட தனியா வெய்யி.

யூனியன்காரங்கள எதிரியா பாக்கறது

கூட உக்காந்து டீ குடி. நான் டிஸ்மிஸ் பண்ண அந்த ஆள்தான் இப்ப யூனியன் கமிட்டியில இருக்காரு, சம்பளப் பேச்சுவார்த்தையில எனக்கு எதிர் சீட்டு. எந்த பேப்பர நீட்டினாலும் சிரிச்சிக்கிட்டே மொதல்ல கேக்கறது "தெலுகுலோ உந்தா சார்?"