நிரம்பாத தொட்டி என்னும் ஆசை: கிராமத்து வீடுகளின் கழிவுத்தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராமத்தில் வீடு கட்டுகிறவர் கழிவறைத் தொட்டியைப் பற்றிக் கொத்தனாரிடம் முதலில் கேட்பது, அது எத்தனை ஆண்டுக்கு நிரம்பாமல் தாங்கும் என்பதைத்தான். பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன. செப்டிக் டேங்க் என்பது கட்டிய சில நாள்களிலேயே நிரம்பி, பிறகு எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டிய, கசிவில்லாத தொட்டியாகும். கனமான கழிவு அடியில் படிந்து நுண்ணுயிர்களால் மெல்லச் சிதைய, நடுவில் தெளிந்த நீர், உள்ளே வரும் நீரின் அளவுக்கு மறுமுனை வழியாக வெளியேறும். இருபது ஆண்டுகளாகக் கசடு அள்ளும் லாரியை அழைத்ததே இல்லை என்று ஒருவர் பெருமைப்பட்டால், அவருடைய தொட்டி பெரும்பாலும் நிலத்துக்குள் கசிந்துகொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 2470, ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 1.5 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 1 மீட்டர் நீர் ஆழமும் கொண்ட தொட்டியே போதும் என்கிறது. 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை கசடை அகற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர்களிலோ சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டு, அதற்கும் செப்டிக் டேங்க் என்றே பெயரிடுகிறார்கள். உண்மையில் அது ஆழமான ஓர் உறிஞ்சு குழி. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையிலுள்ள ஈரமற்ற மண்தான் கிருமிகளைத் தடுத்து நிறுத்துகிறது என்பதால், உறை ஒவ்வொன்றும் இறங்க இறங்க அந்தக் காப்பு குறைகிறது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் இது இன்னும் கடுமையாகும். பங்குனியில் தோண்டும்போது காய்ந்து கிடந்த இடத்தில் கார்த்திகையில் நீர் மேலேறி நிற்கும். ஆகவே மழைக்கால நீர்மட்டத்தை அக்கம்பக்கத்துக் கிணறுகளில் பார்த்த பிறகே ஆழத்தை முடிவுசெய்ய வேண்டும்.

தொட்டி கட்டிவிட்டு, வெளியேறும் நீரைத் தெருச் சாக்கடையில் விடுவது அடுத்த பெரிய தவறு. அந்த நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் நோய்க்கிருமிகள் நிறைந்தது. அதற்கென, நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியோ கசிவு வாய்க்காலோ வேண்டும். அது குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி அமைய வேண்டும். இந்தத் தூரத்தை நம் கிணற்றுக்கு மட்டும் அளந்துவிட்டு, வேலிக்கு அப்பால் இருக்கும் பக்கத்து வீட்டாரின் அடிபம்பை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. மண் நீரை உறிஞ்சுமா என்பதையும் முன்கூட்டியே அறியலாம்: சிறு குழி வெட்டி, இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, மறுநாள் நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் களிமண்ணிலும் கரிசலிலும் உறிஞ்சு குழி பயன்தராது. அங்கே சல்லி நிரப்பிய வடிகட்டித் தொட்டி போன்ற வேறு வழிதான் தேவை.

மண்ணும் நீர்மட்டமும் இடங்கொடுக்கும் ஊர்களில் செப்டிக் டேங்கைவிட, இரு குழிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரட்டைக் குழிக் கழிப்பறையே சிக்கனமானது என்பது என் கருத்து. ஆனால் அதையும் கெடுக்க முடியும். இரு குழிகளுக்கும் ஒரே நேரத்தில் கழிவை விட்டால் இரட்டைக் குழியின் நோக்கமே போய்விடும்; குழாய் இரு குழிகளுக்கும் பிரியும் இடத்திலுள்ள பிரிப்புப் பெட்டியில் ஒரு வழியை அடைத்து, முதல் குழி நிரம்பிய பின் மற்றதற்கு மாற்றி, நிரம்பியதை இரண்டு ஆண்டு மூடி வைத்தால்தான் கழிவு கையாளத்தக்க உரமாகும். குழிகளுக்கிடையே ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். குளியலறை நீரையும் சமையலறை நீரையும் இதில் சேர்க்கக் கூடாது. காற்றுக்குழாய் செப்டிக் டேங்குக்குத் தேவை, இதற்குத் தேவையில்லை. வாயுவை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும்.

செப்டிக் டேங்கின் மூடியை ஓடு பதித்து மறைத்துவிடுவதும், கசடு அள்ளும் லாரியின் குழாய் எட்டாத கொல்லைக் கோடியில் தொட்டியை அமைப்பதும் பிற்காலத்தில் ஓர் ஆளை உள்ளே இறக்கும் நிலைக்கே கொண்டுபோய் விடும். பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி அப்படி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நச்சுவாயு தாக்கி உயிர் போவதும் அங்கேதான். எனவே லாரி நிற்கும் இடத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதன்பின் தொட்டிக்கு இடம் பார்ப்பதே சரியான வரிசை.