ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டும் முன்

அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் நோய், என்று தெரிந்து இரண்டு வருடம் கழித்து வயிற்றில் நீர் கோர்க்கத் தொடங்கியது. அப்போது ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்களைச் செலுத்துவது) போடலாம் என்றார்கள். நாலு லட்சம் ரூபாய். இன்றே முன்பணம் கட்டினால் சலுகை. அம்மா அங்கேயே கை வளையலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சிடிஆர்ஐ, அதாவது மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டின், பதிவு எண்ணைக் கேளுங்கள். கல்லீரல் நோய்க்கு ஸ்டெம் செல் இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சரி; கல்லீரலுக்கான ஊசி போன்றவற்றைப் பதிவு செய்த ஆய்வாக மட்டுமே நடத்தலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் அந்த ஊசிக்குக் காசு வாங்கக் கூடாது. சிடிஆர்ஐ பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த நோய், எந்த மருத்துவமனை, யார் பொறுப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். எங்களிடம் கொடுத்த எண்ணை அன்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். முழங்கால் தேய்மான ஆய்வு ஒன்று வந்தது!

அப்புறம், ஊசி என்ன செய்யும் என்று கேளுங்கள். பொதுவாக இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, செல்களைப் பிரித்து, ரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவார்கள். "புதுக் கல்லீரல் வளரும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அழற்சியும் தழும்பும் குறையலாம் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் எதிர்பார்ப்பு. அதுவும் இன்னும் உறுதியாகவில்லை. பிரிட்டனில் 81 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியான 'ரியலிஸ்டிக்' என்ற சிரோசிஸ் ஆய்வில், செல் கொடுத்தவர்களுக்குக் கல்லீரல் தேறவில்லை. பக்க விளைவுகள்தான் கூடின.

இந்த அலைச்சலில் நாங்கள் மூன்று மாதத்தைத் தொலைத்தோம். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். வயிற்றில் நீர், ரத்த வாந்தி, மனக்குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலே கல்லீரல் மாற்று பற்றி அந்தத் துறை மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். பிலிருபின், கிரியேட்டினின், ஐஎன்ஆர் ஆகிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். நோய் எவ்வளவு தீவிரம் என்று காட்டும் மெல்ட் ஸ்கோர் அதிலிருந்துதான் போடுவார்கள். பணமில்லை என்று ஒதுங்காதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலும் இது உண்டு. உறவினர் தானம் கொடுத்தால், அவருக்கு மிஞ்சிய கல்லீரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும்.

காத்திருக்கும் நாட்களில் ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் காலையில் எடை. மலம் இளக்கும் லாக்டுலோஸ் சிரப் கொடுத்திருந்தால், இரண்டு மூன்று தடவை இளகலாக மலம் போகிறதா என்பதும். வலி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அப்பா தபால் துறையில் இருந்தவர், எழுத்து மணி மணியாக இருக்கும். எடைக்குப் பக்கத்தில் தினமும் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் பெயரின் கடைசி இரண்டு எழுத்து கோட்டுக்குக் கீழே சரிந்திருந்தது. கையை நீட்டச் சொன்னேன், விரல்கள் படபடவென்று அடித்தன. முன்னே சொன்ன மனக்குழப்பத்தின் அறிகுறி அது. அன்று மதியமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.